3 லட்சம் ரூபாய் கோர்ஸ்: சம்பளம் ஏறுமா, இஎம்ஐ மட்டும் ஏறுமா?

“சார், இந்த பேட்ச்ல ரெண்டே சீட்தான் பாக்கி. இன்னைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள ஒரே தவணையா கட்டிட்டா 35 ஆயிரம் ஸ்காலர்ஷிப். கையில காசு இல்லையா, பரவாயில்ல, நோ-காஸ்ட் இஎம்ஐ இருக்கு. வட்டியே கிடையாது.”

இந்த போன் கால் உங்களுக்கும் வந்திருக்கும். ஏதோ ஒரு இணையதளத்தில் பாடத்திட்டத்தை டவுன்லோட் செய்ய நம்பரைக் கொடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். டேட்டா சயின்ஸ், பிராடக்ட் மேனேஜ்மென்ட், டிஜிட்டல் மார்க்கெட்டிங், இப்போது ஜெனரேட்டிவ் ஏஐ என்று கோர்ஸின் பெயர் மாறும், பேச்சு மாறாது. பேச்சில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: “இதைச் செலவா பாக்காதீங்க சார், உங்க மேல நீங்க பண்ற இன்வெஸ்ட்மென்ட்.”

அந்த வாக்கியத்தைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. பொருளாதாரத்தில் அதற்கு 60 ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. ஆனால் முதலீடு என்று ஒருவர் சொன்னால், முதலீட்டுக்குக் கேட்கும் கேள்விகளைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 2,000 ரூபாய் போட நான்கு ஆப் பார்த்து ஒப்பிடுகிற நாம், 3 லட்சம் ரூபாய் கோர்ஸை 20 நிமிட போன் காலில் முடிவு செய்துவிடுகிறோம்.

யார் பணம் கட்டணும்?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ் 1960-இல் ஒரு தலைமை உரை நிகழ்த்தினார். படிப்புக்கும் பயிற்சிக்கும் செய்யும் செலவு வெறும் நுகர்வு அல்ல, அது முதலீடு என்பது அவர் வாதம். 1964-இல் கேரி பெக்கர் அதை ‘மனித மூலதனம்’ என்ற பெயரிலேயே புத்தகமாக எழுதினார். இருவருக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது.

பெக்கர் சொன்னதில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது ஒன்று. பயிற்சியை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, எந்த கம்பெனிக்குப் போனாலும் செல்லுபடியாகும் பொதுத் திறன். இன்னொன்று, இப்போதைய கம்பெனிக்கு மட்டுமே உதவும் திறன். உங்கள் வங்கிக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளைக் கற்றுக்கொடுக்க வங்கி தானே செலவு செய்யும், ஏனென்றால் அதை வைத்து நீங்கள் வேறு எங்கும் பேரம் பேச முடியாது. பைதான் கற்றுக்கொடுத்தால் நீங்கள் ஆறு மாதத்தில் எதிர்க்கட்டிடத்துக்குப் போய்விடலாம். அதனால் அந்தச் செலவை உங்கள் தலையில் விடத்தான் முதலாளி பார்ப்பார்.

‘எங்க ஆபீஸ்ல டிரெய்னிங்னு நிறைய நடக்குது, ஆனா மார்க்கெட்ல உதவுற ஒண்ணும் சொல்லித் தர மாட்டேங்கிறாங்க’ என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். ஆபீஸ் அப்படி ஒன்றுக்குப் பணம் கட்ட முன்வந்தால், பின்னாலேயே ஒரு பாண்ட் பத்திரமும் வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் இன்னொரு கோணத்தைக் காட்டினார். படிப்பு ஒருவரைத் திறமைசாலியாக்குகிறதோ இல்லையோ, ‘இவர் திறமைசாலி’ என்று வேலை கொடுப்பவருக்கு ஒரு சமிக்ஞை தருகிறது என்றார். கோர்ஸ் வாங்கும் முன் உங்களை நீங்களே கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது: நான் வாங்குவது திறனையா, சமிக்ஞையையா?

திறன்தான் வேண்டும் என்றால், அது பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். சமிக்ஞைதான் வேண்டும் என்றால், அது எல்லோரிடமும் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கட்டிய எல்லோருக்கும் கிடைக்கிற சான்றிதழ், நீங்கள் பணம் கட்டினீர்கள் என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை.

சரி, கணக்குப் போடுவோம்

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் கைக்கு வரும் சம்பளம் மாதம் 45,000 ரூபாய். கோர்ஸ் கட்டணம் 2,50,000. தனியார் பயிற்சிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, போனில் சொல்லும் தொகையில் அது பல நேரம் இருக்காது. ஆக, 2,95,000. இதை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் 24 மாதக் கடனாக எடுத்தால், மாதத் தவணை சுமார் 14,160 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 3,40,000 ரூபாய் போயிருக்கும்.

வாரத்துக்கு 10 மணி நேரம், 9 மாதம் என்றால் கிட்டத்தட்ட 390 மணி நேரம். உங்கள் சம்பளத்தை மணிக்கணக்கில் பார்த்தால் மணிக்குச் சுமார் 250 ரூபாய். அப்படியானால் நேரத்தின் மதிப்பு மட்டும் 1 லட்சத்தை ஒட்டி வருகிறது. இதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, நினைவில் மட்டும் இருக்கட்டும்.

கோர்ஸ் முடித்தால் சம்பளம் 60,000 ஆகும் என்கிறார் கவுன்சிலர். மாதம் 15,000 கூடுதல். 3.40 லட்சத்தை 15,000-ஆல் வகுத்தால் 23 மாதம். இரண்டு வருஷத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும், பிரமாதம்!

இதுல ஒரு ஓட்டை இருக்கு. கோர்ஸே படிக்காமல், அந்த ஒன்பது மாதமும் வேலையை மட்டும் ஒழுங்காகப் பார்த்து, பிறகு கம்பெனி மாறியிருந்தால் உங்களுக்கு 52,000 கிடைத்திருக்கலாம். அப்படியானால் கோர்ஸ் சம்பாதித்துக் கொடுத்தது 15,000 அல்ல, வெறும் 8,000. இப்போது காசு திரும்ப 42 மாதத்துக்கு மேல் ஆகும். மூன்றரை ஆண்டு.

‘கோர்ஸுக்கு முன், கோர்ஸுக்குப் பின்’ என்று ஒப்பிடும் எல்லா விளம்பரங்களும் செய்யும் தவறு இது. ஒப்பிட வேண்டியது முன்னையும் பின்னையும் அல்ல. கோர்ஸ் படித்த நீங்கள், படிக்காத நீங்கள், இந்த இருவரையும்தான். டேட்டா வேலையில் நாங்கள் தினமும் மல்லுக்கட்டுவதும் இதோடுதான்.

மூன்றரை ஆண்டு என்பது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். நீங்கள் கற்றது அதுவரை உயிரோடு இருக்குமா? ஒரு காலத்தில் ஃப்ளாஷ் அனிமேஷன் தெரிந்தவர்களுக்குத் தனி மவுசு. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. எஸ்க்யூஎல் 1970-களில் ஐபிஎம்-இல் பிறந்தது, இன்றைக்கும் இன்டர்வியூவில் கேட்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட டூலை மட்டும் சொல்லித்தரும் கோர்ஸ் என்றால், போட்ட பணம் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும். புள்ளியியல், கணக்குப்பதிவு, நல்ல ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் மாதிரியானவற்றுக்கு மூன்றரை ஆண்டு என்ன, ஐந்தாண்டு கூடக் காத்திருக்கலாம். இது என் அளவுகோல், உங்கள் துறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த ‘வட்டியில்லா’ இஎம்ஐ

மேலே போனில் கேட்ட பேச்சுக்குத் திரும்புவோம். ஒரே தவணையில் கட்டினால் 35,000 குறைப்பு, அதாவது 2,60,000. நோ-காஸ்ட் இஎம்ஐ என்றால் முழு 2,95,000, 12 மாதத் தவணையில், மாதம் 24,583.

நன்றாகப் பாருங்கள். அந்தப் பொருளின் ரொக்க விலை 2,60,000. அதைத் தவணையில் வாங்கினால் 2,95,000. அந்த 35,000 ஸ்காலர்ஷிப் இல்லை, நீங்கள் கட்டாமல் தப்பிக்கிற வட்டி. 2,60,000 ரூபாய் கடனுக்கு மாதம் 24,583 வீதம் 12 மாதம் கட்டினால் வட்டி எவ்வளவு என்று எக்செல்லில் போட்டுப் பார்த்தால், மாதம் 2 சதவீதம் வருகிறது. ஆண்டுக்கு 24 சதவீதம்! சாதாரண பர்சனல் லோன் இதைவிட மலிவாகக் கிடைக்கும்.

‘பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது’ என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வட்டியை வேறு கட்டணமாக மறைத்து வாடிக்கையாளரிடம் வாங்குகிறார்கள் என்பதுதான் அதன் கவலை. பத்தாண்டு தாண்டியும் அந்த வார்த்தைக்குச் சாவு இல்லை.

இன்னொரு விஷயம். இந்தக் கடனை உங்களுக்குக் கொடுப்பது பயிற்சி நிறுவனம் அல்ல, அதோடு கூட்டு வைத்திருக்கும் வங்கியோ வங்கிசாரா நிதி நிறுவனமோதான். பணம் நேராகப் பயிற்சி நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விடும். நாளைக்கு அவர்கள் கடையை மூடினாலும், வகுப்பே நடக்காவிட்டாலும், கடன் உங்கள் பெயரில்தான். தவணை தவறினால் அடி விழுவது உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கு. வங்கிக் கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணைக்கு அவகாசம் கிடைப்பது உண்டு. இங்கே பெரும்பாலும் அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும்.

இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. டிஜிட்டல் கடன்களுக்கான ரிசர்வ் வங்கி விதிகள் 2022-இல் வந்தன, 2025 மே மாதம் திருத்தித் தொகுக்கப்பட்டன. அவற்றின்படி, கையெழுத்துக்கு முன் உங்களுக்கு ‘முக்கியத் தகவல் அறிக்கை’ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கடன் எடுத்த பிறகு மனம் மாறினால், அபராதம் இல்லாமல் விலகுவதற்கான கால அவகாசமும் உண்டு. அசலையும் அத்தனை நாளுக்கான செலவையும் திருப்பிக் கொடுத்தால் போதும். அந்த அவகாசம் ஒரே ஒரு நாளாகக்கூட இருக்கலாம். ஆகவே ஓடிபி சொன்ன அன்றே அந்த அறிக்கையைத் திறந்து படியுங்கள், வார இறுதிவரை தள்ளிப்போடாதீர்கள்.

‘டாக்ஸ்ல கழிச்சுக்கலாம் சார்’ என்பார்கள். கல்விக் கடன் வட்டிக்கான வரிச் சலுகை, பழைய சட்டத்தில் 80இ என்று நாம் அறிந்தது, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அதுவும் வங்கியிடமோ, அரசு அறிவிக்கை செய்த நிதி நிறுவனத்திடமோ எடுத்த கடனாக இருக்க வேண்டும். புதிய வரி முறையில் அது கிடையாது. 2025-26 நிதியாண்டில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு அங்கே வரியே இல்லை என்பதால், 45,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இந்தச் சலுகை பற்றிப் பேசுவதே வீண்.

‘90 சதவீதம் பிளேஸ்மென்ட்’ எப்படிப் பிறக்கிறது?

இது என் தொழில், கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஒரு கற்பனை பேட்ச். 200 பேர் சேர்ந்தார்கள். 120 பேர் முடித்தார்கள். அதில் 80 பேரை, மதிப்பெண், வருகைப்பதிவு, மாக் இன்டர்வியூ எல்லாம் பார்த்து, ‘பிளேஸ்மென்ட்டுக்குத் தகுதியானவர்கள்’ என்று நிறுவனமே தேர்ந்தெடுத்தது. 60 பேருக்கு வேலை கிடைத்தது. விளம்பரம் என்ன சொல்லும்? 80-இல் 60, ஆகவே 75 சதவீதம். நீங்கள் பணம் கட்டும்போது எந்த எண்ணிக்கையில் இருக்கிறீர்கள்? 200-இல். உங்கள் கணக்கு 30 சதவீதம். பொய் எங்கும் இல்லை, கீழே இருக்கும் எண்ணை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

அடுத்து ‘சராசரி சம்பள உயர்வு 40 சதவீதம்’. பத்துப் பேரை எடுப்போம். ஏழு பேருக்கு 10 சதவீத உயர்வு. இரண்டு பேருக்கு 30. ஒருவர், ஏற்கெனவே நல்ல கல்லூரியில் படித்து தவறான வேலையில் மாட்டிக்கொண்டிருந்தவர், ஒரே தாவலில் 270 சதவீதம் போய்விட்டார். கூட்டி வகுத்தால் சராசரி 40. ஆனால் பத்துப் பேரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால், அவருக்குக் கிடைத்தது 10 சதவீதம். அது ஒவ்வொரு வருஷமும் ஆபீஸில் கொடுப்பதுதானே! இந்த நடு எண்ணைத்தான் ‘மீடியன்’ என்கிறோம். கவுன்சிலரிடம் கேளுங்கள்: “ஆவரேஜ் வேண்டாம், மீடியன் எவ்வளவு? எத்தனை பேர் சேர்ந்ததுல?” பதிலுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு சக்சஸ் ஸ்டோரி வீடியோ வந்தால், புரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளைக் கொண்டுவந்தது. தேர்ச்சி, வேலை போன்றவற்றில் பொய்யான உத்தரவாதம் தரக் கூடாது, மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் படத்தைப் போடக் கூடாது, சாதித்த மாணவர் எந்த கோர்ஸ் படித்தார், அது காசு கட்டிப் படித்ததா என்பதைச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. ‘டைம் முடியப்போகுது, சீட் தீரப்போகுது’ என்று போலி அவசரம் காட்டுவதும் கூடாது. “ரெண்டே சீட்தான் சார்” நினைவிருக்கிறதா?

பட்டமா, சான்றிதழா?

வேலை பார்த்துக்கொண்டே எம்பிஏ, எம்சிஏ படிக்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன், தொலைதூரப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. ஆனால் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். எட்-டெக் நிறுவனத்துக்கு ஃப்ரான்சைஸ் கொடுத்துப் பட்டப்படிப்பு நடத்தக் கூடாது என்று அதே ஆண்டு ஜனவரியிலேயே எச்சரித்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி என்பது யுஜிசி-யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியலாகவே இருக்கிறது. பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பெரிய ஐஐடி, ஐஐஎம் பெயரோடு வரும் ‘எக்சிக்யூட்டிவ் புரோகிராம்’கள் பெரும்பாலும் பட்டம் அல்ல, சான்றிதழ். அதில் தப்பில்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

மலிவா கிடைக்கிறது மட்டமா?

இந்திய இளைஞர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம், முறைசாராத வழிகளில் கற்றவர்கள் 16.6 சதவீதம் என்று 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பு காட்டியது. குடும்பத் தொழிலில், வேலையிடத்தில், தானாகவே கற்றுக்கொண்டவர்கள்தான் இந்த இரண்டாவது கூட்டம். நாம் கோர்ஸ், கோர்ஸ் என்று அலைகிறோம், நாட்டில் தொழில் கற்றவர்களில் பெரும்பாலோர் சான்றிதழே இல்லாமல் கற்றிருக்கிறார்கள்.

சான்றிதழும் வேண்டும், செலவும் கட்டுப்பட வேண்டும் என்றால் என்பிடெல் இருக்கிறது. 2003-இல் ஐஐடிகளும் ஐஐஎஸ்சி-யும் சேர்ந்து தொடங்கியது, சென்னை ஐஐடி-தான் முன்னின்று நடத்துகிறது. பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் ஆயிரம் ரூபாய் அளவில் தேர்வுக் கட்டணம். மதிப்பெண்ணில் 75 சதவீதம், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. ஸ்பென்ஸ் சொன்ன சமிக்ஞை என்ற கோணத்தில் பார்த்தால், கண்காணிப்பாளர் முன் உட்கார்ந்து எழுதி வாங்கிய அந்தச் சான்றிதழுக்கு, வீடியோவை 2எக்ஸ் வேகத்தில் ஓடவிட்டு வாங்கியதைவிட மதிப்பு அதிகம். ஒரு குறை, யாரும் போன் செய்து ‘ஏன் கிளாஸுக்கு வரல’ என்று கேட்க மாட்டார்கள்.

உண்மையில் லட்ச ரூபாய் கோர்ஸ்களில் நாம் காசு கொடுப்பது பாடத்துக்கு அல்ல, அந்தக் கட்டாயத்துக்குத்தான். சில வருஷங்களுக்கு முன் நானும் ஒரு டேட்டா விஷுவலைசேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டினேன். எட்டு மாட்யூலில் நான்கைத் தாண்டவில்லை. பைதான் எனக்கு வந்தது ஒரு தேர்தல் முடிவு நாளுக்கு முந்தைய மூன்று வாரத்தில். தொகுதிவாரி டேட்டாவை நான்தான் சுத்தம் செய்ய வேண்டும், வேறு ஆளே இல்லை என்ற நிலை. பக்கத்து சீட் அண்ணன் ஒருவர் என் கோடைப் பார்த்து தினமும் திட்டுவார். அந்தத் திட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

எல்லோருக்கும் அப்படி ஒரு அண்ணன் அமைவதில்லை என்பதும் நிஜம். சிறிய ஊரில், தனியாக, முற்றிலும் வேறு துறையிலிருந்து மாற நினைப்பவருக்கு, நேரம் வைத்து நடக்கும் வகுப்பும் திருத்திக் கொடுக்கும் ஆசிரியரும் காசுக்குத் தகுந்தவைதான். அப்படியென்றால் கோர்ஸின் பெயரை விடுங்கள். அசைன்மென்ட்டை யார் திருத்துகிறார்கள், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், இரண்டையும் கேளுங்கள்.

ஆபீஸ் பணம் கட்டினால்?

வாங்கிக்கொள்ளுங்கள், பாண்டைப் படித்துவிட்டு. ‘பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது மச்சி’ என்று கேன்டீனில் சொல்பவரை நம்பி ராஜினாமா எழுத வேண்டாம். மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. வேலை மாறும் உரிமையை அது பறிக்கவில்லை, பாதியில் விலகுவதால் வங்கிக்கு ஏற்படும் இழப்பை ஈடு செய்கிறது என்பது நீதிமன்றத்தின் பார்வை. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் முறையே நீண்டது, செலவு பிடித்தது என்பதும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் வந்தது. உங்கள் ஆபீஸ் 40,000 ரூபாய் கோர்ஸுக்கு 5 லட்சம் பாண்ட் கேட்டால் கதை வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை என்பது உச்ச வரம்புதான். கிடைக்கக்கூடியது நியாயமான இழப்பீடு. மாதம் கூடக் கூட பாண்ட் தொகை குறைந்துகொண்டே வருமாறு எழுதித் தரச் சொல்லி எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

ஏற்கெனவே சேர்ந்துட்டேன், என்ன செய்ய?

வகுப்பு சொன்னபடி நடக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கிறீர்கள், இழுத்தடிக்கிறார்கள். முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன்: கோபத்தில் ஆட்டோ டெபிட்டை நிறுத்தாதீர்கள். தகராறு பயிற்சி நிறுவனத்தோடு, பாதிக்கப்படுவது கடன் கொடுத்தவரிடம் இருக்கும் உங்கள் பெயர்.

போனில் பேசியதையெல்லாம் ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள், ‘இன்ன தேதியில் இன்ன உத்தரவாதம் கொடுத்தீர்கள்’ என்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அந்த வழியாகப் பயிற்சி மையங்களிடமிருந்து 600-க்கும் மேற்பட்டவர்களுக்கு 1.56 கோடி ரூபாய் திரும்ப வாங்கிக் கொடுத்ததாக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஆளுக்கு சராசரியாக 26,000 ரூபாய். மீடியன் எவ்வளவு என்று அவர்களும் சொல்லவில்லை.

கடன் கொடுத்தவர் மீதே புகார் என்றால், அதாவது முக்கியத் தகவல் அறிக்கை தரவில்லை, சொன்ன வட்டி வேறு, பிடித்தது வேறு என்றால், முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. அந்த 30 நாளை எண்ணத் தொடங்குவது நீங்கள் எழுத்தில் கொடுத்த தேதியிலிருந்து. கவுன்சிலரோடு போனில் சண்டை போட்ட நாட்கள் அதில் சேராது.